ஸ்டெப்னி கட்டுரை

பத்திரிகை அலுவலகத்தில் முகத்துக்கு நேரே அவர் "சார்". முதுகுக்குப் பின்னால் "பிரேக்". அப்படியொரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "ஆக்ஸிலேட்டரை மிதிக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. வண்டி நிக்கணும்னா ஒருத்தனாவது வேணாமா?" என்பார். நாமும் அவரை அந்தப் பெயரிலேயே அழைப்போம்.

அவர் பத்திரிகைக்கு வந்தது பிழை திருத்துவதற்கு. நாட்டைத் திருத்தும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. அங்கே அரசியல் பத்தி எழுத மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே மாற்றம் வேண்டும் என்பவர்கள். ஒருவர் இன்றே வேண்டும் என்பார். இன்னொருவர் நேற்றே வந்திருக்க வேண்டும் என்பார். மூன்றாமவர் உலகம் முழுவதற்கும் சேர்த்து வேண்டும் என்பார். படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவன் பத்திரிகைக்குக் கடிதம் எழுத மாட்டான் என்பது பத்திரிகைத் தொழிலின் துயரம். வாசகர் கடிதப் பகுதி ஈயாடியது.

ஒருநாள் அன்றைய ஆசிரியர் கூடத்துக்கு வந்து நின்று, "பஸ் ரூட்டையெல்லாம் மாத்தியிருக்காங்களே, அது பிடிக்காத ஆள் இங்க யாராவது உண்டா?" என்று கேட்டார். பிழை திருத்திக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கினார். புதிய வழித்தடத்தில் அவர் வீட்டுப் பக்கம் பேருந்து நிற்பதில்லை. வேறு கொள்கைக் காரணம் எதுவும் இல்லை. "அப்போ எழுதுங்க" என்றார் ஆசிரியர். எழுதினார். மறுநாளே திட்டிக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. ஆசிரியர் அன்று பகல் முழுவதும் சிரித்த முகத்தோடு நடமாடினார். அந்த வாரமே "நிதானம்" என்று தலைப்புக் கொடுத்து, திங்கள்கிழமைகளில் நிரந்தர இடமும் கொடுத்துவிட்டார்.

இப்படிக் காலில் இடறிக் கிடைத்த கொள்கைதான். ஆனால் முப்பது வருடம் ஒரு சட்டையைப் போட்டால் அது உடம்புக்கு ஏற்றபடி வளைந்துவிடும். எழுத எழுத அவருக்கு அது நிஜமாகவே நம்பிக்கையாகிவிட்டது. ஜனங்கள் பழகிப்போன ஒன்றைக் கலைக்கிறவன், கலைப்பதற்கு முன் அங்கே யார் எதற்காக அதை வைத்தார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கட்சி. பதறாத காரியம் சிதறாது என்பதை எத்தனையோ விதமாக மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். பள்ளிப் பாடத்திட்டம், நீதிமன்ற விடுமுறை, பூங்காவின் வாசல் எந்தத் திசையில் இருப்பது என எதைப் பற்றி ஆரம்பித்தாலும் கடைசிப் பத்தியில் "பொறுங்கள்" என்று ஒரு சொல் வந்துவிடும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கட்டுரையிலும் அமைச்சரின் பெயர் வராது, கட்சியின் பெயர் வராது, வருடமும் வராது. "மந்திரிங்க இன்னிக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. எழுதினது நிக்கணும்" என்பார். நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கம் எப்போது காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்?

பத்திரிகைக்கும் ஒரு வழக்கம் உண்டு. பத்தி எழுதுகிற ஒவ்வொருவரும் தேதி, சம்பவம் எதுவும் இல்லாத இரண்டு மூன்று கட்டுரைகளை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். எழுதுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அலுவலகத்தில் அதற்கு ஸ்டெப்னி என்று பெயர். பிரேக் கொடுத்து வைத்திருந்த ஸ்டெப்னிகள் வருடக்கணக்காக அப்படியே கிடந்தன. அவருக்குத்தான் காய்ச்சலே வருவதில்லையே.

கையெழுத்து மட்டும் அவருக்குக் கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வது மனைவி. அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் அடிப்பார். வெறுமனே அடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. நடுவில் கையை எடுத்துவிட்டு, "ஏங்க, இது உங்க வரி இல்லையே. யாரோ பேசினதைக் கேட்டுட்டு வந்து சொல்றீங்க" என்பார். இவர் சண்டைக்குப் போவார். ஒரு வரிக்காக மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாக்குவாதம் செய்வார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்த வரிதான். ஊர் மெச்சிய "நிதானம்" அந்த வீட்டில் நிதானமாக உருவானதே இல்லை.

தொலைக்காட்சி வந்தபோது விவாத நிகழ்ச்சிக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். திரையில் வலப்பக்க நாற்காலி இவருக்கு. இடப்பக்கத்தில் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர். சீர்திருத்தம் என்றால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பேசுவார். பேசும்போது தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்த மாட்டார். அவருக்கு "அவசரம்" என்று பெயர் வைத்தது பிரேக்தான். திரையில் கீரியும் பாம்பும். ஒப்பனை அறையிலோ ஒரே கண்ணாடிக்கு முன்னால் ஒரே பவுடரைப் பூசிக்கொண்டு, முட்டி வலிக்கு எந்த மருத்துவர் தேவலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நிலையம் ஒரே காரில் இருவரையும் வீட்டில் இறக்கிவிடும்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருக்காது. போன வருடம் பிரேக் ஆதரித்த கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது.

இருபது வருடம் அந்தக் கட்சி எதிர்வரிசையில் இருந்தபோது அவர் பேனா அதற்குத் துணையாக இருந்தது. ஆளுங்கட்சியைப் பார்த்துப் "பொறுங்கள்" என்று சொல்வது சுலபம். இப்போது தன் ஆட்களே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதையெதையோ கலைத்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கின் கட்டுரைகளில் "பொறுங்கள்" குறைந்தது. பிறகு காணாமலே போனது. "சில நேரம் வேகமும் ஒரு நிதானமே" என்று ஒரு வாரம் எழுதினார். மனைவி அதை மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த வரிக்கும் சண்டை இல்லை. வீட்டில் அமைதி நிலவுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அரசு ஒலிபரப்புக் கழகத்துக்குத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அது இவருக்குத்தான் என்று கட்சிச் செயலாளர் காதைக் கடித்திருந்தார். பதவியைவிட அவரை இழுத்தது அந்த அறை. முப்பத்து நான்கு வருடமும் அவர் உட்கார்ந்தது கூடத்தில், தூணோரத்தில், அச்சு இயந்திரத்துக்குத் தாள் எடுத்துப் போகிறவர்களெல்லாம் இடித்துக்கொண்டு போகிற ஒரு மேசையில். சாத்திக்கொள்ள ஒரு கதவுள்ள அறை அவருக்கு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. ஏதோ சாக்கு வைத்துக் கழக அலுவலகத்துக்குப் போய் அந்த அறையை ஒருமுறை பார்த்துவிட்டும் வந்திருந்தார். புத்தக அலமாரி எந்தச் சுவரில் நிற்கும் என்று மனதுக்குள் இடமும் போட்டுவிட்டார். ஆசை என்றால் அப்படியொரு ஆசை. அறுபது தாண்டிய மனிதர் ஒரு கதவுக்காக இப்படி ஏங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வராது, பாவமாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து மசோதா வந்தது. சுற்றியுள்ள சின்ன நகராட்சிகளையெல்லாம் கலைத்து ஒரே மாநகராட்சியாக இணைக்கிற மசோதா. எட்டு வருடங்களுக்கு முன் அப்போதைய ஆட்சி இதையே கொண்டுவந்து, எதிர்ப்பு வலுத்ததும் ஒரே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்றைக்கு எதிர்த்தவர்கள் இன்று ஆட்சியில் இருந்ததால் அது நல்ல திட்டமாகிவிட்டிருந்தது. "திங்கக்கிழமை பத்தியில வரவேற்று எழுதிடுங்கண்ணே. வெள்ளிக்கிழமை உங்க ஆர்டர்ல கையெழுத்தாகுது" என்றார் செயலாளர். பிரேக் சரி என்றார். "காலம் கனிந்தது" என்று தலைப்புக்கூட யோசித்துவிட்டார்.

தலைப்புக்குக் கீழே ஒரு வரி ஓடவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், நகம் வெட்டினார். அதற்குள் கண் அறுவைக்குக் குறித்த நாள் வந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. முதலில் ஒன்றுக்குச் செய்வதாக ஏற்பாடு. "முடிச்சுட்டு வந்து வீட்ல சொல்றேன், அவ அடிச்சு அனுப்பிடுவா" என்று பத்திரிகையின் பக்க ஆசிரியரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை. மருந்தைப் போட்டதும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவி பத்திரிகை படித்துக் காட்டினார். வானிலை, விபத்து, விளையாட்டு எல்லாம் முடிந்தது. பிறகு தலைப்பு எதுவும் சொல்லாமல் ஒன்றை ஆரம்பித்தார்.

"எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியும். அவரும் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து என் திட்டை வாங்கிக்கொள்வார். ஆட்சி என்று நான் சொல்வது இதைத்தான். நாளை இந்த ஊர்களையெல்லாம் சேர்த்துக் கட்டியபிறகு நான் தட்ட ஒரு கதவு இருக்காது. தொலைபேசியில் ஒரு எண் இருக்கும். அது என்னை ஒன்றை அழுத்தச் சொல்லும், இரண்டை அழுத்தச் சொல்லும். சாக்கடைக்கு எந்த எண் என்று மட்டும் சொல்லாது..."

பிரேக் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மனைவி முழுவதையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்து முடித்தார். கடைசி வரியில் "பொறுங்கள்" இருந்தது.

"யாரு இது? நம்ம பாணியில எழுதப் பார்க்கிறான். ஆனா நல்லா எழுதுறான்" என்றார் பிரேக். "கதவைத் தட்டுறதுன்னு சொன்னான் பாரு, அதுதான் விஷயம். யாரு, புதுப் பையனா?"

"நீங்கதான்."

அவர் பத்திரிகையைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். அது அவருக்கு ஒரு சாம்பல் நிறத் தாளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு மெல்ல நினைவு வந்தது. எட்டு வருடத்துக்கு முன் எழுதியது. அச்சுக்குப் போக இருந்த அன்றே மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வீணாக்க வேண்டாமே என்று ஸ்டெப்னிகளோடு போட்டு வைத்தார்கள். அமைச்சர் பெயர் இல்லை, கட்சி இல்லை, வருடம் இல்லை. நேற்று எழுதியதுபோல அச்சாகிவிட்டது.

தொலைபேசி ஓயவில்லை. அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பக்க ஆசிரியர் கூப்பிட்டு, "மசோதா வரும்னு எப்படி சார் முன்னாடியே எழுதி வச்சீங்க?" என்று வியந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் கூப்பிட்டு, "சொந்த ஆட்சியையே தட்டிக் கேட்டீங்க பாருங்க, என்ன துணிச்சல்!" என்றார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு குறட்டை விட்ட மனிதருக்கு என்ன துணிச்சல் வேண்டிக்கிடக்கிறது? அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார்.

பகலில் செயலாளர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். நலம் விசாரிப்பது ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"தலைவர் கொதிச்சுப்போயிருக்கார்ண்ணே. நான்தான் சமாதானம் சொல்லி வச்சிருக்கேன். மூணே மூணு விஷயம் சொல்லிடுங்க. அது பழைய கட்டுரை. பத்திரிகை தவறுதலா போட்டுடுச்சு. மசோதாவை நான் வரவேற்கிறேன். முடிஞ்சது கதை. இன்னிக்கு சாயந்திரம் டிவியில நீங்க இருக்கீங்க இல்ல? அங்கேயே சொல்லிடுங்க. இதுல ஏதாவது பொய் இருக்கா, நீங்களே சொல்லுங்க."

பிரேக் யோசித்தார். முதல் இரண்டில் பொய் இல்லை. மூன்றாவதும் அறுவைக்கு முந்தின நாள்வரை உண்மைதான். "சொல்லிடறேன்" என்றார். செயலாளர் கதவுவரை போய்த் திரும்பி, "ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியாச்சுண்ணே" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரிந்த மனிதர்.

அவர் போனதும் பிரேக் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார். "அந்தக் கட்டுரையை எடுத்துப் போடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்று பதில் வந்தது. "நீங்க தூங்கிட்டிருந்தீங்க. பக்க ஆசிரியர் போன் பண்ணினார். ஸ்டெப்னி மூணு இருக்கு, எதைப் போடட்டும்னு தலைப்பைப் படிச்சார். முன்கோபம், மழைநீர், சாக்கடை. நம்ம வாசல்லயும் ஒரு வாரமா அடைச்சுக்கிடக்கே, சாக்கடையைப் போடுங்கன்னேன்."

"நீ அடிச்சுக் கொடுத்த கட்டுரைதானே அது. உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அந்த அம்மாள் சொட்டு மருந்தோடு வந்து நின்று, "தலையைத் தூக்குங்க. மருந்து போடணும்" என்றார். அவர் தூக்கினார். கோபம் அவருக்கு வரத்தான் வந்தது. ஆனால் கண்ணில் மருந்து விடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மாலையில் கறுப்புக் கண்ணாடி மாட்டி அவரை வலப்பக்க நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். எதிரே அவசரம். எட்டு வருடத்துக்கு முன் இதே மசோதாவை இதே நாற்காலியில் உட்கார்ந்து ஆதரித்தவர். இன்று அதை எதிர்த்துப் பேச வந்திருந்தார். அதைச் சொல்லி யாரும் அவரை மடக்கவில்லை. மடக்க வேண்டியவர் பிரேக்தான். அவர் நிலையோ அதைவிடக் கேவலம். அவசரம் தன் கருத்து என்று எதையும் சொல்லாமல் பத்திரிகையை எடுத்துப் பிரேக்கின் கட்டுரையையே உரக்கப் படித்தார். சாக்கடை, கதவு, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். ஒரே நாளில் இரண்டாவது முறையாகப் பிரேக் அதைக் கேட்டார். இரண்டாவது முறையும் நன்றாகவே இருந்தது. அதுதான் தொந்தரவு.

"நீங்க எழுதினதுதானே சார்?" என்றார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"நான் எழுதினதுதான். ஆனா அது பழைய கட்டுரை. எட்டு வருஷத்துக்கு முந்தி எழுதினது" என்றார் பிரேக். முதலாவது ஆயிற்று. "எனக்குக் கண்ணு ஆபரேஷன். பத்திரிகையில தவறுதலா எடுத்துப் போட்டுட்டாங்க." இரண்டாவதும் ஆயிற்று. எங்கேயோ தொலைக்காட்சிக்கு முன்னால் செயலாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

"அப்போ இன்னிக்கு உங்க கருத்து?"

மூன்றாவது வாய்வரை வந்தது. அந்த அறையும் வந்தது. வெள்ளையடித்த சுவர், அலமாரி, சாத்திய கதவு, கதவுக்கு வெளியே நின்று தட்டுகிற ஆட்கள். அந்தக் கணத்தில் அவர் பட்ட பாட்டை வெளியே யாரும் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி மறைத்துவிட்டது.

"இன்னிக்குக் காலையில என் வீட்டுக்காரி அதைப் படிச்சுக் காட்டினா" என்றார் மெதுவாக. "நான் எழுதினதுன்னு தெரியாம கேட்டேன். எங்கேயாவது தப்பு இருக்கான்னு அப்பவே தேடியிருக்கணும், தோணலை. மத்தியானத்துல இருந்து தேடிட்டுத்தான் இருக்கேன். கிடைக்கலை. மசோதா அன்னிக்கு எப்படித் தப்போ, இன்னிக்கும் அப்படித்தான் தப்பு. கொண்டு வந்தவங்க மாறியிருக்காங்க. சாக்கடை மாறலை."

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள். இங்கே அந்த நோவு சொன்னவருக்கே வந்து சேர்ந்தது. செயலாளர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. எதிர்க்கட்சிக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துணிச்சல் என்று கொண்டாடியதைத் தவறுதலாக அச்சானது என்று ஊரறியச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? வாழ்த்திய வாயெல்லாம் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஆணை கையெழுத்தானது. ஒலிபரப்புக் கழகத் தலைவர் பதவி அவசரத்துக்குக் கிடைத்தது. மாற்றுக் கருத்துள்ளவரையும் மதிக்கிற அரசு என்று காட்டிக்கொள்ள ஆட்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. பதவியேற்ற கையோடு அவர் மசோதாவை வரவேற்றார். எட்டு வருடமாகத் தன் கருத்து அதுதான் என்றார். அது பொய்யும் இல்லை.

பிரேக் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அந்த ரூம் போச்சே" என்று மனைவியிடம் ஒருமுறை வாய்விட்டே சொன்னார். அந்த அம்மாள் ஆப்பிளை நறுக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மசோதா சட்டமானது. வாசல் சாக்கடை மட்டும் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே சரியாகிவிட்டது. பழைய வார்டு உறுப்பினர் பதவி போகிற கடைசி வாரத்தில் ஆளை அழைத்துக்கொண்டு தானாகவே வந்து நின்றார். "இதுவரைக்கும் யாரும் எங்களைப் பத்தி நல்லதா ஒரு வரி எழுதினதில்லை சார்" என்றார். அவர் கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

அவசரத்தின் இடப்பக்க நாற்காலி காலியானதால், ஆட்சியை எதிர்த்துப் பேச ஆள் வேண்டும் என்று தொலைக்காட்சி நிலையம் பிரேக்கை அங்கே மாற்றி உட்கார வைத்தது. அவர் பேசியது என்னவோ பழைய பேச்சுத்தான். ஒப்பனை அறைக் கண்ணாடியில் பக்கத்து நாற்காலி வெறுமையாகத் தெரிந்தபோது அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஒருநாள் அவசரமே தொலைபேசியில் வந்தார். நலம் விசாரித்தார், முட்டி வலியைப் பற்றிப் பேசினார், கடைசியில் தயங்கித் தயங்கி, "இந்த ரூம் கதவு சரியா சாத்த மாட்டேங்குதுப்பா. சாத்தினா திறந்துக்குது" என்றார். பிரேக் அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கண்ணுக்கும் அறுவை முடிந்து கட்டு. வழக்கம்போல மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி, இந்தப் பக்கம் இவர். சொல்ல ஆரம்பித்தார். விசைகளின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பத்தியில் சட்டென்று நின்றது.

"என்னாச்சு?"

"'தியாகம்'னு வருது. யாரு என்ன தியாகம் பண்ணினாங்க? இது உங்க வரி இல்லையே."

ஒரு வருடமாகிறது அந்தக் குரலைக் கேட்டு. கட்டுக்குள்ளே கண் நனைவதை அவர் உணர்ந்தார். மருந்து இன்னும் போடவில்லை.

"என் வரிதான்" என்றார் வேண்டுமென்றே.

"இல்லை."

"ஆமாம்."

வாக்குவாதம் நீண்டது. தேநீர் ஆறிப்போனது. கட்டுரை போக வேண்டிய நேரம் தாண்டிப்போனது. தொலைபேசி அடித்தது. பக்க ஆசிரியர்தான். "நேரமாச்சு சார். பேசாம ஸ்டெப்னியில ஒண்ணை எடுத்துப் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு அந்த வரிக்குத் திரும்பினார்கள்.